சூப்பர்வைசர் தண்ணீர் கொடுக்கவில்லை

எழுதுகிறவர் வாசகரை மனத்தில் வைத்து எழுத வேண்டுமா, வேண்டாமா என்று இப்போதும் கூட்டங்களில் கேட்கிறார்கள். கால்மேல் கால் போட்டுக்கொண்டு சாவகாசமாகக் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி காதில் விழுந்தாலே முகம் சூடாகிவிடும். காரணம் ஒரு கதை. நான் எழுதிய கதை என்று அதைச் சொல்ல முடியாது. என் பெயரில் வந்த கதை.

எண்பதுகளின் நடுப்பகுதியில் நான் ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் காயில் என்கிற கம்பிச்சுருள் சுற்றிக்கொண்டிருந்தேன். தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியைச் சின்ன பாபினில் சுற்றி, முனையைப் பற்றவைத்து, அடுத்த மேசைக்குத் தள்ள வேண்டும். வரிசை முழுவதும் பெண்கள். பெண்களுக்குப் பொறுமை அதிகம், விரல் மெல்லிசு என்று சொல்லி எங்களை வேலைக்கு எடுத்தார்கள். குறைந்த சம்பளத்துக்கு வருவார்கள் என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

எங்கள் வீடு தேன்கனிக்கோட்டையில். என் அப்பாவை அத்தா என்போம், அவருக்குப் புளி வியாபாரம். வயசுப் பெண்ணைக் கம்பெனிக்கு அனுப்பலாமா என்று தெருவில் நாலு பேர் கேட்டபோது, "பஸ்ஸு வந்து ஏத்திகினு போவுது, திரும்பக் கொண்டாந்து எறக்கி வுடுது, அப்பறம் என்னா" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். கம்பெனி பஸ் கெலமங்கலம் வழியாகப் போகும். வழியில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், மீதிப் பேரில் பலர் கன்னடம். கம்பெனியில் சேலத்துப் பெண்கள், திருநெல்வேலிப் பெண்கள். ஒரு வருஷம் ஒன்றாக உட்கார்ந்து கம்பி சுற்றினால் எல்லோருடைய தமிழிலும் எல்லோருடைய தமிழும் ஒட்டிக்கொள்ளும்.

நான் அப்போது கதை எழுதுவேன். சென்னையிலிருந்து வரும் ஒரு வார இதழில் இரண்டு கதைகள் வந்திருந்தன. மாமியார் மருமகள் கதை ஒன்று, மழையில் நனைந்த காதல் கதை ஒன்று. இரண்டையும் எங்கள் வரிசையில் கைமாற்றிப் படித்தார்கள். பிறகு எனக்குக் கொஞ்சம் மரியாதை கூடியது. அவ்வளவுதான்.

எங்கள் வரிசையில் பாத்ரூம் போவதற்கு ஒரு டோக்கன் உண்டு. வட்டமான பித்தளைத் துண்டு, அதில் வரிசை எண் பொறித்திருக்கும். சூப்பர்வைசர் மேசைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். அவரிடம் கேட்டு, அவர் கையால் எடுத்துக் கொடுக்க, அதை வைத்துக்கொண்டு போய்வர வேண்டும். அது திரும்பி வரும்வரை வேறு யாரும் எழுந்திருக்கக் கூடாது. கொடுக்கும்போது கடிகாரத்தைப் பார்ப்பார். சில நாள் "இப்பத்தான போய்ட்டு வந்த?" என்பார், வரிசை முழுக்கக் கேட்கும்படி. அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தே பெண்கள் காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். எங்களில் நீர்க்கடுப்பு வராதவர் கிடையாது. ஒருத்தி வெந்தயம் ஊறவைத்துக் கொண்டுவருவாள், இன்னொருத்தி பார்லிக் கஞ்சி கொண்டுவருவாள். பக்கத்தில் இருந்த ஆண்கள் பிரிவில் டோக்கன் இல்லை. அவர்கள் எழுந்து போவார்கள், பீடி குடித்துவிட்டு வருவார்கள்.

எனக்கு அடுத்த இருக்கையில் ஒரு அக்கா. கெலமங்கலத்தைத் தாண்டி ஒரு கிராமம். வீட்டில் தெலுங்கு, ஐந்தாவது வரை படித்தது கன்னடப் பள்ளியில், எங்களோடு தமிழ். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். என்னைப் பாப்பா என்று கூப்பிடுவார்.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அக்கா எழுந்து டோக்கன் கேட்கப் போனார். ஆணியில் டோக்கன் இல்லை. யாரிடமும் இல்லை. சூப்பர்வைசர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆபீஸ் பக்கம் போயிருந்தார். பக்கத்து வரிசை சூப்பர்வைசரிடம் அக்கா கேட்டார். "உங்க லைன் டோக்கன் கொண்டா, அப்பறம் போ" என்றார் அவர். டோக்கன் இல்லாமல் போனால் மெமோ. ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியிருந்தார் அக்கா. திரும்பி வந்து உட்கார்ந்தார். கம்பியை எடுத்துச் சுற்றத் தொடங்கினார். இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்தார். சூப்பர்வைசர் வரவில்லை.

அறுந்து கீழே விழுந்த கம்பியை எடுக்க நான் குனிந்தபோதுதான் பார்த்தேன். அக்காவின் ஸ்டூலுக்குக் கீழே தரை நனைந்திருந்தது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. அவர் கை மட்டும் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

எதிரில் உட்கார்ந்திருந்த சேலத்து அம்மா ஒருவரும் பார்த்துவிட்டார். எங்கள் வரிசையில் மூத்தவர், உடம்பு கனத்தவர். அவர் எழுந்து போய் வரிசைக் கடைசியில் இருந்த குடிதண்ணீர்க் குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் வந்ததும் குடத்தைச் சாய்த்தார். தண்ணீர் அக்காமேல் கொட்டியது, என்மேல் கொட்டியது, தரையெல்லாம் ஓடியது. அவர் புடவையும் நனைந்தது. அதற்குள் விஷயம் புரிந்த இன்னும் இரண்டு பேர் டம்ளரில் இருந்த தண்ணீரைத் தங்கள் மடியில் தாங்களே ஊற்றிக்கொண்டார்கள்.

சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா இது?" என்றார்.

"கொடம் வழுக்கிடுச்சுங்க சார்" என்றார் சேலத்து அம்மா.

கரண்ட் இருக்கிற இடம், காயில் எல்லாம் போச்சு, மாட்டுத்தொழுவமா இது என்று கத்தினார். வரிசை முழுவதற்கும் மெமோ கொடுத்தார். கத்தும்போது அவர் சட்டைப் பையில் டோக்கன் துருத்திக்கொண்டு இருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

மாலை பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். கெலமங்கலம் நெருங்கும்போது சொன்னார்: "பாப்பா, நீ கதை எழுதறவதான. இத எழுது. என் பேரு மட்டும் வேணாம்."

எழுதினேன். அதற்குமுன் எழுதிய இரண்டு கதைகளையும் நான் யாரை நினைத்து எழுதினேன் என்று எனக்கே தெரியாது. இதை எழுதும்போது அக்கா என் எதிரில் இருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படித்துக் காட்ட வேண்டும். அதனால் வாக்கியங்கள் சின்னதாக வந்தன. அழகுக்கு என்று ஒரு வரி எழுதினால், இதை அக்கா முன்னால் எப்படி வாய்விட்டுப் படிப்பது என்று கூச்சமாக இருக்கும், அடித்துவிடுவேன். அந்தக் கதைபோல் நான் அதுவரை எழுதியதில்லை.

கம்பெனியில் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் சாப்பாட்டு நேரத்தில் அதைப் படித்துக் காட்டினேன். ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து கேட்டார்கள். குடம் வந்த இடத்தில், "நான் என்னா அவ்ளோ குண்டாவா இருக்கறன்?" என்று சேலத்து அம்மா கேட்க, எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். கை நிற்காமல் சுற்றிய இடம் வந்தபோது அக்கா தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். முடிந்ததும் ஒன்றுதான் கேட்டார்.

"இது புக்குல வந்தா அந்தாளு படிப்பானா?"

"படிப்பாரு அக்கா. அவங்க வீட்ல அந்தப் புக்கு வாங்கறாங்க."

"அப்ப அனுப்பு."

அனுப்பினேன். கொஞ்ச நாள் கழித்து சென்னையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது, அத்தாவைக் கூட்டிக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்கும் போனேன். உதவி ஆசிரியர் எங்களை உட்காரவைத்துக் காபி வரவழைத்தார். அவர் மேசையில் என் கதை இருந்தது.

"நல்லா எழுதறீங்கம்மா" என்று ஆரம்பித்தார். "ஆனா எழுதறப்ப வாசகியை மனசுல வெச்சுக்கணும்."

"யார சார்?"

"நம்ம வாசகியை. மத்தியானம் சமையலை முடிச்சு, சாப்பிட்டு, ஃபேனுக்கு அடியில சாய்ஞ்சுக்கிட்டு நம்ம பத்திரிகையைப் பிரிக்கிறாங்க. பிரிச்ச உடனே பாத்ரூம் விஷயம் கண்ணுல பட்டா எப்படி இருக்கும்?"

அவர் தொடர்ந்தார்.

"அந்தப் பெண்ணைக் கர்ப்பிணின்னு வெச்சுட்டா இரக்கமாவது வரும்."

"அவங்க கர்ப்பிணி இல்ல சார்."

"கதைதானேம்மா."

"அவங்களுக்கு அவசரமா வந்துச்சு. போக விடல. அவ்ளோதான் சார்."

"அவ்வளவுதான்னா இதுல கதை எங்க இருக்கு?"

அடுத்து பாஷைக்கு வந்தார். இது எந்த ஊர்த் தமிழ் என்று கேட்டார். கோயம்புத்தூர்த் தமிழ், நெல்லைத் தமிழ் என்றால் வாசகருக்குப் பழக்கம் உண்டாம். நடுநடுவே தெலுங்கு, கன்னடம் எல்லாம் வந்தால் தமிழ்ப் பத்திரிகையில் எப்படிப் போடுவது என்றார். எங்கள் ஊரில் இப்படித்தான் பேசுகிறோம் என்றேன். "உங்க ஊர்ல எத்தனை பேர் நம்ம பத்திரிகை வாங்குவாங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். தொழிற்சாலைப் பெண்கள் படிக்கிறார்களே என்றேன். "அவங்களும் படிக்கட்டும். ஆனா பகல் பூரா பார்த்த கஷ்டத்தையே மறுபடியும் படிக்கணும்னு எந்தப் பொண்ணும்மா ஆசைப்படுவா?" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். "பாத்ரூம எடுக்கணும்னா கதை வேணாம் சார், திருப்பிக் குடுத்துடுங்க" என்றேன். அவர் கை காட்டி உட்காரச் சொன்னார். "இருக்கட்டும்மா, பார்க்கிறேன்" என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். படி இறங்கும்போது அத்தா, "மரியாதையான மனுசன், காபியெல்லாம் குடுத்தாரு" என்றார்.

கல்யாண வீட்டில் என் சின்னம்மா இருந்தார். சென்னையிலேயே இருபது வருஷமாகக் குடித்தனம். அந்த உதவி ஆசிரியர் சொன்ன வாசகி அச்சு அசலாக அவர்தான். மத்தியானம் சமையல் முடித்து, ஃபேனுக்கு அடியில் சாய்ந்து, அதே பத்திரிகையை அட்டையிலிருந்து அட்டைவரை படிப்பவர். நான் அவரிடம் கதையை வாயால் சொன்னேன். கேட்டு முடித்ததும் சின்னம்மா கையில் வைத்திருந்த வெற்றிலையைக் கீழே வைத்தார்.

"கல்யாணமாகி வந்த புதுசுல இங்க கொல்லைப்பக்கம் போவணும்னா கூடத்தத் தாண்டித்தான் போவணும். கூடத்துல ஆம்பளைங்க உக்காந்துருப்பாங்க, மாமனாரு, மச்சான்னு. அவங்க எந்திரிச்சுப் போற வரைக்கும் ரூமுக்குள்ளயே நின்னுட்டிருப்பேன். எத்தனை நாளு. யாருகிட்டயும் சொன்னதில்ல" என்றார். பிறகு, "அந்தக் கதை வரட்டும், நான் எடுத்து வெச்சுக்கறேன்" என்றார்.

அதனால்தான் எனக்கு அந்த உதவி ஆசிரியர்மேல் இத்தனை ஆத்திரம். வாசகியை நினைத்து எழுதச் சொன்னாரே, அவருக்கு அந்த வாசகியைத் தெரியவே தெரியாது. அவர் வீட்டிலும் ஒரு வாசகி இருந்திருப்பார். ஒரு வார்த்தை கேட்டிருப்பாரா?

கதை வந்தது. ஓசூர் பஸ் நிலையத்தில் ஒருத்தி வாங்கிக்கொண்டு ஓடிவந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அதே சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் எல்லோரும் கூடிவிட்டார்கள். முதலில் படத்தைப் பார்த்தோம். மெஷின் முன்னால் ஒரு பெண், இடுப்புவரை தொங்கும் பின்னல், தலை நிறைய மல்லிகை. எங்கள் கம்பெனியில் முடியைத் தொப்பிக்குள் திணிக்காவிட்டால் கேட்டுக்கு உள்ளேயே விடமாட்டார்கள். தலைப்பையும் மாற்றியிருந்தார்கள். தாகம் தீர்த்த கை என்பதுபோல் ஏதோ ஒன்று.

திருநெல்வேலிப் பெண் ஒருத்தி நன்றாகப் படிப்பாள். அவள் உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். ஒரு கர்ப்பிணிப் பெண். கம்பெனியில் வேலை. நாக்கு வறள்கிறது. கண்டிப்பான சூப்பர்வைசரிடம் தண்ணீர் குடிக்கப் போக அனுமதி கேட்கப் பயந்து உட்கார்ந்திருக்கிறாள். மயங்கி விழுகிறாள். கண் திறந்து பார்த்தால் சூப்பர்வைசர் தன் கையால் தண்ணீர்க் குவளையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் கண்ணில் ஈரம். அந்தக் கண்டிப்புக்குள் ஒரு தாய்மனம் இருப்பதை அவள் உணர்கிறாள். முற்றும். கீழே என் பெயர்.

திருநெல்வேலிப் பெண் நடுவில் ஒருமுறை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "படி" என்றார் அக்கா. அவள் கடைசிவரை படித்தாள்.

"அவன் எனுக்குத் தண்ணி குடுத்தானா?" என்று கேட்டார் அக்கா.

"நான் அப்படி எழுதல அக்கா. உனக்குப் படிச்சுக் காட்டினததான் அனுப்பினேன். அவங்க மாத்திட்டாங்க."

"உன் பேரு போட்டிருக்குதா அதுல?"

"போட்டிருக்குது."

"நீ எழுதலன்னா உன் பேரு எப்படி வரும்?"

பத்திரிகை அலுவலகத்தில் கதைகள் என்ன பாடு படும் என்பதை, ஒரு மெமோவுக்குப் பயந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு எப்படி விளக்குவது? நான் பேசப் பேச அது சாக்குபோலத்தான் கேட்டது. "உனக்கு பயம் வந்துட்டுது பாப்பா. பரவால்ல வுடு" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து போனார். மறுநாள் பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தார்.

சூப்பர்வைசர் படித்துவிட்டார். அக்கா எதற்காக அனுப்பச் சொன்னாரோ அது நடந்தது. மறுநாள் காலை அவர் என் மேசைக்கு வந்து நின்றார். அதுவரை அவர் முகத்தில் நான் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை.

"கண்டிப்பா இருந்தாலும் உள்ளுக்குள்ள மனசு இருக்குன்னு நல்லா எழுதியிருக்கம்மா. எங்க வீட்ல படிச்சிட்டு கண் கலங்கிட்டாங்க."

"அது நான் எழுதினது இல்ல சார்" என்றேன்.

"தன்னடக்கம்" என்று பக்கத்து வரிசை சூப்பர்வைசரிடம் சொல்லிச் சிரித்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். ஆணியில் டோக்கன் தொங்கிக்கொண்டிருந்தது. பர்சனல் ஆபீசர் கூப்பிட்டு, கம்பெனி மலரில் இந்தக் கதையைத் திரும்பப் போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். உண்மையில் நடந்தது வேறு என்றேன். "அப்ப அத எழுதாததுதான் நல்லது" என்றார்.

பத்திரிகைக்கு எழுதினேன். என் பெயரை எடுத்துவிட்டு மறுப்புப் போடுங்கள் என்று கேட்டேன். மறுப்பு வரவில்லை. அடுத்த இதழ்களில் வாசகர் கடிதங்கள்தான் வந்தன. நெகிழ்ந்தோம், கண்ணீர் மல்கினோம், இப்படிப்பட்ட அதிகாரிகள் இருப்பதால்தான் மழை பெய்கிறது என்று எழுதியிருந்தார்கள். உதவி ஆசிரியர் எனக்கு ஒரு கார்டு போட்டார். பாராட்டுக் கடிதங்கள் குவிவதைப் பார்த்தீர்களா, வாசகரை நினைத்தால் இப்படித்தான் என்று அதில் இருந்தது. சின்னம்மா மட்டும், "நீ சொன்ன கதை இன்னும் வரலியே" என்று அத்தாவுக்கு எழுதிய கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தார்.

அந்த நாள்களில் கிருஷ்ணகிரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஞாயிற்றுக்கிழமை இலக்கியக் கூட்டம் நடத்துவார்கள். வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வருகிறார், விமர்சகர், 'வாசகனும் படைப்பாளியும்' என்று பேசுகிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு ஆறுதலுக்காகப் போனேன். பத்துப் பதினைந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் ஒருத்திதான் பெண்.

எழுதுகிறவன் வாசகனை நினைத்த அந்தக் கணத்தில் எழுத்து செத்துவிடுகிறது என்றார் அவர். வாசகனுக்காக எழுதுகிறவன் கடைக்காரன் என்றார். எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. கேள்வி நேரத்தில் எழுந்து நடந்ததைச் சொன்னேன். பாத்ரூம் என்ற வார்த்தையைச் சொல்லும்போது முன் பெஞ்சில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"வார இதழுக்கு எழுதினால் இதுதான் கிடைக்கும்" என்றார் பேராசிரியர். "நீங்கள் உங்களுக்காக மட்டும் எழுத வேண்டும். எதிரே யாரும் இருக்கக் கூடாது."

"அந்த அக்கா எழுதச் சொல்லித்தான் எழுதினேன் சார். அவங்களுக்குப் படிச்சுக் காட்டணும்னுதான் எழுதினேன். அவங்கள நெனைக்காம எப்படி எழுதறது?"

"அப்படி எழுதினால் அது இலக்கியம் இல்லை, மனு. கலெக்டர் ஆபீசில் கொடுக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் கோபம் ஏறியது, காதெல்லாம் எரிந்தது. ஒருவர், இல்லாத வாசகியைக் காட்டி என் கதையைத் தின்றார். இன்னொருவர், இருக்கிற ஒரே வாசகியையும் வெளியே துரத்தச் சொல்கிறார். இரண்டு பேரும் எப்போதாவது எழுந்து போக யாரிடமாவது அனுமதி கேட்டிருப்பார்களா? பேராசிரியர் பேச்சுக்கு நடுவில் தாமே இரண்டு முறை வெளியே போய்விட்டு வந்தார். யாரும் கடிகாரம் பார்க்கவில்லை.

பஸ் நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தபோது பின்னால் ஒருவர் வேகமாக வந்தார். கூட்டத்தில் கடைசி பெஞ்சில் இருந்தவர். தர்மபுரிப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறாராம், கைக்காசு போட்டு ஒரு சின்னப் பத்திரிகை நடத்துகிறாராம்.

"அந்தக் கதை ஒரிஜினலா இருக்குதுங்களா? குடுங்க. ஒரு எழுத்து மாத்த மாட்டன்."

சொன்னபடி மாற்றவில்லை. அச்சுப்பிழைகள்தான் ஏராளம். ஆனால் டோக்கன் டோக்கனாகவே இருந்தது. பாத்ரூம் இருந்தது. தெலுங்கு இருந்தது. எத்தனை பேர் அதை வாங்கினார்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்குச் சில பிரதிகள் அனுப்பினார். ஒன்றைச் சின்னம்மாவுக்கு அனுப்பினேன். ஒன்றைச் சூப்பர்வைசர் கையில் நானே கொடுத்தேன். மறுநாள் அதை என் மேசையில் வைத்துவிட்டு, "மொதக் கதைதான் நல்லா இருந்துச்சு" என்றார். முகத்தில் பழைய சிரிப்பு இல்லை. "கம்பெனி விஷயத்தயெல்லாம் வெளிய எழுதலாமாம்மா?" என்றார். அடுத்த வாரம் என்னைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே நாள் முழுக்க நின்றுகொண்டே அட்டைப்பெட்டி ஒட்ட வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அக்காவின் ஊருக்குப் போனேன். அக்காவும் அவர் மாமியாரும் வாசலில் சாக்கு விரித்து முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னை வா என்று சொன்னார், நகர்ந்து இடம் கொடுத்தார். பத்திரிகையை எடுத்ததும் முகம் மாறியது.

"இன்னொரு வாட்டியா? பேட பாப்பா."

வேண்டாம் என்று கன்னடத்தில் சொன்னார். கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம் வரும்.

"ஒரே வாட்டி கேளு அக்கா. புடிக்கலன்னா அடுப்புல போடு."

படித்தேன். அக்கா அவரைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு உரிக்காமல் கேட்டார். முடிந்ததும் பத்திரிகையை வாங்கி, அவருக்குப் படிக்கத் தெரியாத அந்தப் பக்கத்தை விரலால் தடவினார். "இது நாம அன்னிக்குப் படிச்சதே" என்றார்.

மாமியாருக்குத் தமிழ் அவ்வளவாகப் புரியாது. என்ன கதை என்று தெலுங்கில் கேட்டார். வீட்டில் யாருக்கும் அதுவரை தெரியாது. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு தெலுங்கில் சொல்ல ஆரம்பித்தார். கதையில் இல்லாததையும் சொன்னார். ஈரத் துணியோடு பஸ்ஸில் உட்கார்ந்து வந்தது, சீட்டில் கறை படுமோ என்று பயந்தது, வீட்டுக்கு வந்து மழையில் மாட்டிக்கொண்டேன் என்று பொய் சொன்னது. அன்றைக்கு மழையே இல்லையே என்று மாமியார் அப்போது மனத்துக்குள் நினைத்தாராம். உரித்த கொட்டைகளைக் கையால் அளைந்துகொண்டே கடைசிவரை கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"ஏன், அவனுக்கு வராதா?"

அக்கா சிரித்த சிரிப்பில் முறம் சாய்ந்துவிட்டது. மாமியார் சிரிக்கவில்லை. உண்மையிலேயே பதிலுக்காக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னையில் குவிந்த அத்தனை பாராட்டுக் கடிதங்களிலும் இப்படி ஒரு வரி இல்லை.

பிற்பாடு யூனியன் வந்தது. கோரிக்கைகளில் டோக்கனும் ஒன்றாக இருந்தது. டோக்கனை எடுத்தார்கள், அதற்குப் பதிலாக ஒரு நோட்டில் போகிற நேரமும் வருகிற நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அதற்கும் பிறகு சண்டை போட வேண்டியிருந்தது. தொண்ணூறுகளில் அக்கா கண் மங்கிப்போய் வேலையை விட்டு, ஊர்ப்பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்துக்குப் பூ பறிக்கப் போனார். வெளிநாட்டுக்கு அனுப்பும் ரோஜா. நான் இன்னும் சில கதைகள் எழுதினேன். அந்த வார இதழுக்கு எழுதவில்லை. பேராசிரியர் சொன்னபடியும் எழுதவில்லை. எழுதும்போது யாராவது ஒருவர் எதிரில் உட்கார்ந்திருப்பார், அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட முடியாத வரியை அடித்துவிடுவேன்.

அக்காவும் நானும் பழையபடி பேசிக்கொண்டோம். என் கல்யாணத்துக்கு வந்து இரண்டு நாள் எங்கள் வீட்டிலேயே தங்கினார். தோட்டத்தில் நடக்கும் விஷயங்களையெல்லாம் சொல்வார். மருந்தடித்த மறுநாளே உள்ளே அனுப்புவதைச் சொல்வார், கணக்குப்பிள்ளை செய்யும் அட்டூழியத்தைச் சொல்வார். ஆனால் எதைச் சொன்னாலும் கடைசியில், "இத எழுதிப்போடாத பாப்பா" என்று ஒரு வார்த்தை சேர்ப்பார். முன்பெல்லாம் அப்படிச் சொல்லமாட்டார். நான் எழுதியதுதான் அச்சில் வரும் என்று என்னால் அவருக்குச் சத்தியம் செய்ய முடியவில்லை. அந்த உதவி ஆசிரியர் ஓய்வுபெற்று, பாராட்டு விழாவெல்லாம் நடந்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன்.